முத்திரை உடைக்க மயிலாப்பூர் போனோம்

சென்னையில் எங்களோடு முதலில் பேச்சுக் கொடுத்தவர் ஓர் ஆட்டோக்காரர். நானும் அக்காவும் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், சைதாப்பேட்டைப் பாலம் தாண்டியதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"இன்னா நைனா, கேரளாவா?"

"இல்லை. இலங்கை."

"சிலோனா? அங்க இப்ப சண்ட கிண்ட ஒண்ணும் இல்லையே?"

"இல்லை."

"அப்பறம் இன்னாத்துக்கு வந்தீங்க?"

நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்து ஆட்கள் இந்த நகரத்துக்குக் கூட்டமாக வந்ததெல்லாம் சண்டைக் காலத்தில். அக்கா முன்னால் சாய்ந்து, "தண்ணி மெசின் ஒண்டைத் திறக்க அனுமதி கேக்க வந்தனாங்கள்" என்றாள்.

"தண்ணியா? அது இங்கயே லாரில வந்துக்கினு கீது" என்றார் அவர். அதோடு எங்கள் மேல் இருந்த ஆர்வம் அவருக்குப் போய்விட்டது.

அக்கா சொன்னது முழு உண்மை. எங்கள் ஊர் வவுனியாவுக்கு வடக்கே, காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும். வாயில் வைத்தால் சவர்க்காரம் போல வழுக்கும். வருடக்கணக்கில் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் போய்விடுகிறது. அத்தான் அப்படித்தான் போனார். அவர் போன பிறகு அக்கா அழுதுகொண்டு வீட்டில் இருக்கவில்லை. பாடசாலை வளவில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வந்தபோது அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த வளவில் இயந்திரங்கள் இரண்டு. முதலாவதைத் தூரத்து நாடொன்று தந்தது. அதன் திறப்பு விழா முடிந்த கொஞ்ச நாளில் இந்தியாவிலிருந்து ஓர் அறக்கட்டளை வந்து இரண்டாவதைத் தந்தது. இரண்டு கொட்டில், இரண்டு கொடி, இரண்டு பளிங்குக் கல், நடுவில் ஒரு வேப்பமரம். தூரத்து நாட்டு இயந்திரத்தின் பம்ப் இடி விழுந்து எரிந்துபோனது. இந்திய இயந்திரத்தின் சவ்வுகள் அடைத்துப்போயின. தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பது அந்தச் சவ்வுதான். ஒரு கை நீளக் குழாய்க்குள் சுருட்டி வைத்திருப்பார்கள். தூரத்து நாட்டுக்காரர்கள் போகும்போது புதுச் சவ்வுகளைப் பெட்டியோடு விட்டுப் போயிருந்தார்கள். ஊர் மெக்கானிக் ரவி இரண்டு குழாய்களையும் வெளியால் அளந்து பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே அளவு அக்கா. இதை எடுத்து அதுக்குள்ள போட்டா ஒண்டு ஓடும்" என்றான்.

ஓடும். ஆனால் இந்திய இயந்திரத்துக்கு ஈய முத்திரை வைத்திருந்தது. கம்பியைச் சுற்றி ஈயத்தால் நசுக்கிய முத்திரை; தந்தவர்களைத் தவிர வேறு யாரும் திறக்கக்கூடாது. பிரதேச சபைச் செயலாளரிடம் போனோம். அவர் இரண்டு கொடிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது ரெண்டு நாட்டுச் சாமான். ஒண்டை எடுத்து மற்றதுக்குள்ள போட எனக்கு அதிகாரமில்லை. குடுத்த ஆக்களோட பேசுங்கோ. அவையள் மறுக்காட்டில் எனக்கு ஒண்டுமில்லை."

அக்கா அனுப்பிய செய்திகளுக்கெல்லாம் சென்னையிலிருந்து "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில் வந்தது. வைகாசி வெயில் தொடங்குவதற்குள் இயந்திரம் ஓடாவிட்டால் ஊர் மறுபடி கிணற்றுக்குப் போகும். அதனால் நேரே போய்க் கேட்பதென்று அக்கா முடிவு செய்தாள். எனக்கோ ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு மீன் வள்ளம், கண்ணிவெடி அகற்றும் வேலை, கட்டாரில் சாரம் கட்டும் வேலை என்று கால் போன பக்கமெல்லாம் போனவன். "நீயும் வா" என்று அக்கா சொன்னதும் பையை எடுத்தேன்.

சாந்தோமில் ஸ்டெல்லா டீச்சர் என்ற பெண்மணியின் வீட்டு மாடியறையில் தங்கினோம். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இன்னும் எல்லாரையும் வகுப்பில் வைத்திருப்பவர். அறையைக் காட்டும்போதே, "தண்ணி காலைல ஆறுல இருந்து ஏழு வரைக்கும். மோட்டார் போட்டா ஆஃப் பண்ணணும். குடிக்கிற தண்ணி கேன்ல இருக்கு, குழாய்ல குடிச்சுட்டு எங்கிட்ட வயித்துவலின்னு வரக்கூடாது" என்றார். அக்கா அந்த இருபது லிட்டர் கேனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னிடம், "இவ்வளவு பெரிய பட்டணத்திலயும் தண்ணியைப் போத்தல்லதான் அடைச்சு வைச்சிருக்கினம்" என்றாள். அவள் குரலில் கொஞ்சம் திருப்தி இருந்தது.

அன்று சாயங்காலம் மயிலாப்பூரில் சுற்றினோம். மெட்ரோ ரயிலுக்காகத் தெருக்களைத் தோண்டி, நீலத் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். தகரத்துக்கும் கடைகளுக்கும் நடுவே மீதியிருந்த இடத்தில் பஸ், மாடு, அர்ச்சகரின் ஸ்கூட்டர், நாங்கள். ஒரு கடையில் இட்லி சாப்பிட்டோம். சாம்பார் இனிக்கிறது என்று அக்கா முகம் சுளித்தாள். அடுத்த ஈடு வந்ததும் அதே சாம்பாரை இன்னொரு முறை கேட்டு வாங்கினாள்.

பருப்பு என்றதும் எனக்கு எப்போதும் ஒன்று ஞாபகம் வரும். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில், அப்போது நாங்கள் யாழ்ப்பாணப் பக்கம் இருந்தோம், இந்திய விமானங்கள் வானத்திலிருந்து சாக்குகளைப் போட்டன. எங்கள் ஒழுங்கையில் விழுந்த சாக்கு வெடித்து மணலெல்லாம் பருப்பானது. மணலையும் பருப்பையும் பிரித்துப் பிரித்து அம்மா அன்று இரவு ஆக்கினார். கொஞ்ச நாளில் அதே நாட்டின் பட்டாளம் வந்தது. முதலில் கை காட்டினோம். பிறகு அவர்களிடமிருந்தும் ஓடினோம். அதற்கும் பிறகு கூடாரம் வந்தது, தகரம் வந்தது, வீடு வந்தது, கோழிக்குஞ்சு வந்தது. தந்த நாடுகளின் பெயரை வரிசையாகச் சொல்லச் சொன்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் புவியியலில் நல்ல புள்ளி வாங்குவார்கள். இதில் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பருப்பு பசியை ஆற்றியது. பட்டாளமும் உண்மை.

மறுநாள் காலை கோட்டூர்புரத்தில் இருந்த அறக்கட்டளை அலுவலகத்துக்குப் பறக்கும் ரயிலில் புறப்பட்டோம். திருமயிலை நிலையம் பெரிய கட்டடம். ஆட்களுக்குத்தான் அது மறந்துபோனது போல. நகரும் படி நகரவில்லை. அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஏறிய களைப்பில் எதிரே நின்ற ரயிலில் ஏறிவிட்டோம். கடல் வலது பக்கம் தெரிந்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது. சேப்பாக்கம் வந்தபோது சந்தேகம் தீர்ந்தது. எதிரே இருந்த பூக்காரப் பெண், "கோட்டூர்புரமா? நீ ரிட்டன்ல போய்க்கினு கீற. எறங்கி அந்தாண்ட பிளாட்பாரம் போ" என்றார். அக்கா வழி முழுதும் என்னோடு பேசவில்லை. கட்டார் வரை தனியாகப் போய் வந்தவன் என்று ஊரெல்லாம் சொல்லி என்னைக் கூட்டி வந்தவள் அவள்.

அலுவலகம் குளிராக இருந்தது. இளம் பெண் அலுவலர் ஒருவர் எங்களை மரியாதையாக உட்கார வைத்து, திரையில் எங்கள் ஊர்ப் படத்தையே காட்டினார். திறப்பு விழாப் படம். அக்கா இரண்டு கையாலும் ஒரு கண்ணாடிக் குவளையைப் பிடித்துக்கொண்டு நேரே பார்க்கிறாள். மூலையில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வரதராஜன் என்றும், வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றும், இப்போது அறக்கட்டளைக்கு ஆலோசகர் என்றும் சொன்னார்கள்.

அக்கா விஷயத்தைச் சொன்னாள். அலுவலர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மேடம், எங்க பாலிசில ரிப்பேர் கிடையாது. அடுத்தவங்க பார்ட்டை நம்ம பிளான்ட்ல போடறதுக்கும் எழுத்துல அனுமதி குடுக்க முடியாது. ஆனா உங்களுக்குப் புதுசாவே ஒண்ணு குடுக்கலாம். இதைவிடப் பெருசு."

"எங்க வைப்பியள்?"

"அதே காம்பவுண்ட்லதான்."

"அங்க ஏற்கெனவே ரெண்டு நிக்குது பிள்ளை. எப்ப வரும்?"

"ப்ராசஸ் இருக்கு. அடுத்த வருஷம் எதிர்பார்க்கலாம்."

"அப்ப அதைப் பக்கத்து ஊருக்குக் குடுங்கோ. அங்க ஒண்டும் இல்லை. எங்களுக்கு இதைத் திறக்கிறதுக்கு மட்டும் சொல்லுங்கோ."

அலுவலர் மூலையைப் பார்த்தார். அப்போதுதான் பெரியவர் வாய் திறந்தார். குரலில் கேலி இல்லை. விவரம் சொல்லும் குரல்தான்.

"அம்மா, பக்கத்து ஊருக்கு அவா வரலையே. அவா வந்திருந்தா நாங்களும் வந்திருப்போம்."

அவர் 'அவா' என்றது முதல் இயந்திரத்தைத் தந்த தூரத்து நாட்டுக்காரர்களை என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அக்காவுக்கு உடனே விளங்கியது. அவள் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். வாசல் வரை எங்களோடு வந்த பெரியவர், "எங்க தங்கியிருக்கேள்? சாந்தோமா? நான் வடக்கு மாட வீதிக்குப் பின்னாடிதான். நாளைக்கு ஆத்துக்கு வாங்கோ, காபி சாப்பிடலாம்" என்றார்.

திருமயிலைக்கு நாங்கள் திரும்பிய நேரத்தில் ஊரே தெருவில் இருந்தது. அன்று அறுபத்து மூவர் திருவிழா. சப்பரங்கள் வரும் வழியெல்லாம் பந்தல் போட்டு மோர், பானகம், கேசரி, சாம்பார் சாதம் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய பந்தல்களில் கொடுத்தவர்களின் முகங்கள் பேனரில் சிரித்தன. எங்களுக்கும் அது பழக்கம்தான். ஆனால் ஒரு சந்து முனையில் வெறும் மேசை ஒன்று இருந்தது. அதன் மேல் அண்டா. கட்டம் போட்ட லுங்கி கட்டிய ஒருவர் தொன்னையில் புளிச்சாதம் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். வரிசை எங்களையும் அங்கே தள்ளிக்கொண்டு போனது.

அக்கா தொன்னையை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கி, அவருக்குப் பக்கத்தில் தோளோடு தோளாகத் திரும்பி நின்று, நேரே பார்த்தாள். நகரவில்லை.

"யம்மா, இன்னா நின்னுக்கினு கீற? வாங்கினா நவுரு. பின்னால ஜனம் கீது பாரு."

அக்கா இன்னும் நிமிர்ந்து நின்றாள். எங்கள் பக்கத்தில் யார் எதைக் கொடுத்தாலும், பால்மாவோ பாயோ கோழிக்குஞ்சோ, வாங்கியவர் கொடுத்தவருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க வேண்டும். படம் எடுக்காமல் பொருளோடு போனால் திரும்பக் கூப்பிடுவார்கள். இத்தனை வருடத்தில் கை தன்பாட்டுக்குப் பொருளை மார்பளவில் பிடிக்கிறது, முகம் தன்பாட்டுக்கு முன்னால் பார்க்கிறது. நானும் அவளுக்கு மற்றப் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"படம் எடுக்கேல்லையோ?" என்று கேட்டாள் அக்கா.

"போட்டாவா? எதுக்கு, புளிசாதத்துக்கா?"

"குடுத்தது ஆரெண்டு தெரிய வேணாமோ?"

"எனக்கே தெரியாது தாயி. எவரோ வண்டில அண்டாவ எறக்கிட்டுப் போனாரு. நான் அதோ, செருப்புக் கடை. சும்மா நிக்கறமேன்னு கை குடுக்கறேன்." பின்னால் நின்ற பையன் ஒருவன் சிரித்தான். செருப்புக் கடைக்காரர் அவனை, "உனக்கு இன்னா சிரிப்பு மச்சி, உன் கல்யாணத்துக்கா போஸ் குடுக்குது அது?" என்று அதட்டிவிட்டு, அக்காவின் தொன்னையில் இன்னொரு கரண்டி வைத்தார். "சாப்புடு. போ."

ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புளிச்சாதம் நன்றாக இருந்தது. சப்பரங்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. அக்கா சாமி கும்பிட்டாளா என்று எனக்கு நிச்சயமில்லை. தொன்னையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "அந்தாளுக்குத் தெரியாமலே குடுபட்டுப் போச்சுது" என்றாள், தனக்குத்தானே. "குடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்கிற எனக்கும் தெரியாது. ஆனா சாதம் வந்திட்டுது."

அடுத்த நாள் காலை வரதராஜன் சார் வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி. அவருடைய மனைவி டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். மின்விசிறியின் கீழே பெரியவர் நேற்றைவிட வயசானவராகத் தெரிந்தார்.

"ரிப்பேருக்கு ஒரு நிதி வேணும்னு நான் வருஷக்கணக்கா சொல்லிண்டே இருக்கேன்" என்றார். "ரிப்பேர் பண்ணினா யாரும் வந்து பாக்கறதில்லை. புதுசா திறந்தா ரெண்டு ஊர் பேப்பர்லயும் வரும். இது இப்படித்தான். அவா சவ்வை நம்ம மிஷின்ல போட்டு, நாளைக்கு யாராவது படம் பிடிச்சுப் போட்டுட்டா, எங்களுக்குப் பதில் சொல்ல முடியாது. நான் சரின்னு சொல்றதுக்கு வழியே இல்லை."

அக்கா காபியைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் சரி எண்டு சொல்ல வேண்டாம் ஐயா. இல்லை எண்டு சொல்லாமல் இருங்கோ. அது போதும்."

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது நாற்பது வருடம் பல நாட்டு மேசைகளில் உட்கார்ந்த முகம். அது கொஞ்சம் தளர்ந்தது. பிறகு அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, வேண்டுமென்றே உரக்கச் சொன்னார்.

"கேட்டியா? இவா அறுபத்து மூவர் பாக்க வந்திருக்கா. அப்படியே நம்மாத்துக்கும் வந்துட்டுப் போறா. வேற ஒண்ணும் பேசலை."

"அதான் தெரியறதே, நெத்தியில விபூதியோட வந்திருக்காளே" என்றார் அந்த அம்மா, எட்டிப் பார்க்காமலே. "குங்குமம் வாங்கிண்டு போகச் சொல்லுங்கோ."

அதோடு பேச்சு திருவிழாவுக்குப் போய்விட்டது. அவர் எங்கள் ஊர் மாம்பழத்தைப் பற்றி விசாரித்தார். அத்தான் இல்லை என்பதைச் சொல்லிக்கொள்ளாமல் அக்கா குங்குமம் வாங்கிக்கொண்டாள். படி இறங்கும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"வந்ததுதான் மிச்சம்" என்றேன்.

"விசரா. சொல்லிப்போட்டார்."

"எப்ப?"

"நீ முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தனீ, கேக்கேல்லை. வேறை ஒண்டும் பேசேல்லை எண்டாரெல்லோ, அதுதான்." தெருவுக்கு வந்ததும் அவள் செயலாளருக்கு அழைப்பு எடுத்தாள். பேச்சு சுருக்கமாகத்தான் நடந்தது. அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"சென்னையில பேசினீங்களோ?"

"ஓம். வீட்டுக்கே போய்ப் பேசினனாங்கள்."

"மறுத்தவையோ?"

"இல்லை."

"நான் இண்டைக்கு வெளிக்கள வேலையாப் போறன்" என்றார் செயலாளர். "பின்னேரம் வரைக்கும் அந்தப் பக்கம் வரமாட்டன்."

அக்கா அடுத்ததாக ரவியை அழைத்தாள். "உடை" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அறைக்குப் போய்ச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. தி.நகருக்குப் போகலாம் என்றாள். ரங்கநாதன் தெருவில் நாங்கள் நடக்கவில்லை. கூட்டம்தான் எங்களைக் கொண்டுபோனது. அக்கா தொலைபேசியைக் காதில் ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டே போனாள். பாத்திரக் கடையொன்றில் ஒதுங்கினோம். தரையிலிருந்து கூரை வரை எவர்சில்வர். கடைக்காரர், "இன்னாமா வேணும், குடமா, அண்டாவா? சும்மா பாக்கறதுன்னா ஓரமா நின்னு பாரு" என்றார். அக்கா ஒரு குடத்தைக் கையில் எடுத்தாள். எடுத்த நேரம் தொலைபேசி அடித்தது.

நான் அவள் காதுக்குப் பக்கத்தில் காதை வைத்தேன். ரவியின் குரல் சிரிப்பும் படபடப்புமாக இருந்தது.

"அக்கா, திறந்தாச்சு. ஒண்டு சொல்லட்டோ? உள்ள கிடந்த பழசிலயும் அந்தத் தூரத்து நாட்டு எழுத்துத்தான் இருக்கு. அதே கம்பனி, அதே பேர். ரெண்டு கொடிக்கும் ஒரே இடத்துச் சாமான்தான் வந்திருக்கு. செயலாளரிட்டச் சொன்னா மயங்கி விழுவார்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

"தண்ணி வருதோ?"

"வருது. முதல்ல வாற தண்ணியை ஒரு மணித்தியாலம் ஊத்தவேணும். பெட்டிக்குள்ள மருந்து போட்டு வைச்சது, அது கழுவுப்பட வேணும்."

"ஊத்து. வைக்காதை. பேசிக்கொண்டே ஊத்து."

"அக்கா, காசு போகும்."

"போகட்டும்."

ஆனால் அவன் வைத்துவிட்டான். அந்த ஒரு மணித்தியாலம் நாங்கள் பாத்திரக் கடை வாசலிலேயே நின்றோம். கடைக்காரர் முதலில் முறைத்தார், பிறகு ஒரு ஸ்டூலைத் தள்ளினார். அக்கா உட்காரவில்லை. குடத்தையும் கீழே வைக்கவில்லை. நான் கரும்புச் சாறு வாங்கி வந்தேன். அவள் குடிக்கவில்லை, நான் இரண்டையும் குடித்தேன். அத்தான் கடைசி நாட்களில் ஒரு வாய் தண்ணீருக்கும் கணக்கு வைத்துக் குடித்ததை நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைக்கிறேன்.

மறுபடி அடித்தது.

"குடிச்சனான் அக்கா."

"என்னெண்டு இருக்கு?"

"ஒண்டும் தெரியேல்லை."

"உப்பு?"

"இல்லை."

"வழுக்குதோ?"

"இல்லை அக்கா. ஒரு ருசியும் இல்லை. வெறும் தண்ணி."

அக்கா தொலைபேசியை மடியில் செருகினாள். முந்தானையால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்தாள். பிறகு கையில் இருந்த குடத்தைக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

"இதைவிடப் பெரிசு இருக்கோ?"